பொறியில்லாமல் பற்றும் நெருப்பு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா காரின் 2024-ஆம் ஆண்டு விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரே காரில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, 1.5 லிட்டர் டீசல் இன்ஜினும் உண்டு. பெட்ரோல் 1,497 சிசி, டீசல் 1,493 சிசி. குதிரைசக்தி ஒன்றில் 115, மற்றதில் 116. இதுவரை சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அடுத்த வரியில்தான் இரண்டும் பிரிகின்றன. பெட்ரோல் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 144 நியூட்டன் மீட்டர். அதை எட்ட இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்ற வேண்டும். டீசல் இன்ஜின் தருவது 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுற்றிலேயே. மேனுவல் கியர் காரில் லிட்டருக்கு பெட்ரோல் 17.4 கிலோமீட்டர், டீசல் 21.8 கிலோமீட்டர்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டீசல் கார் என்றாலே மலிவான எரிபொருளுக்காக வாங்குவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதற்குக் காரணமும் இருந்தது. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். அந்தக் காலத்தில் டீசல் காரைப் பற்றி யாரும் இயற்பியல் பேச வேண்டியிருக்கவில்லை, கூட்டல் கழித்தல் போதும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2024-ல் சென்னையில் இரண்டுக்கும் நடுவே எட்டு ரூபாய் சில்லறைதான் இடைவெளி. மானியம் போன பிறகும் மிஞ்சி நிற்கிற நன்மைதான் டீசல் இன்ஜினின் சொந்தச் சொத்து. அது எரியும் விதத்தில் இருக்கிறது.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும்: நாலைந்து முறை வேகமாக அடித்ததும் பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகும். டீசல் இன்ஜினின் அடிப்படை இவ்வளவுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டன் அதைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் டீசலைத் தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை, ஸ்பார்க் பிளக்கும் தேவையில்லை.

1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் இந்த இன்ஜினை நினைத்துப் பார்த்த காலத்தில் உலகை ஓட்டிக்கொண்டிருந்தது நீராவி. நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பாலான நீராவி இன்ஜின்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. அந்த வீணடிப்புதான் அவரை உறுத்தியது. ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் பல தோல்விகளுக்குப் பிறகு 1897 பிப்ரவரியில் அவருடைய இன்ஜின் அதிகாரபூர்வமாகச் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. இன்றைய கார் டீசல் இன்ஜின்கள் தங்களுக்கு உகந்த ஓட்டத்தில் 40 சதவீதத்தைத் தாண்டுகின்றன. 2020-ல் சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் லாரி இன்ஜின் ஒன்றில் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. பெட்ரோலில் மிகச் சிறந்த இன்ஜின்கள்தான், பெரும்பாலும் ஹைபிரிட் கார்களுக்கென்றே வடிவமைத்தவை, 40 சதவீதத்தைத் தொடுகின்றன அல்லது தாண்டுகின்றன.

இந்தத் திறமைக்கு முதல் காரணம் இது: நெருக்கியது எவ்வளவோ அவ்வளவு விரியவும் இடம் கிடைக்கும். எரிந்த வாயு சிலிண்டருக்குள் அதிகம் விரிந்தால் பிஸ்டனை அதிகம் தள்ளும். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் வெப்பம் குறையும். அப்படியானால் பெட்ரோலையும் பதினாறு மடங்கு நெருக்கினால் என்ன? முடியாது. சாதாரண பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே நெருங்குகின்றன. ஒரு அளவுக்கு மேல் நெருக்கினால் பிளக் பொறி கொடுத்த நெருப்பு பரவி வருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடக்கூடிய கோளாறு அது. ஆகவே பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் பத்து, பதினொன்று என்ற அழுத்த விகிதத்திலேயே நிற்கின்றன. டீசலில் முன்கூட்டியே வெடிக்க அங்கே எரிபொருளே இல்லை. வேண்டிய நேரத்தில்தான் அது உள்ளே வருகிறது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. என்னைக் கேட்டால் முதலாவதைவிட அழகானது. பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியவும், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி வேலை செய்யவும் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். அதனால் வேகத்தைக் குறைக்க பெட்ரோலை மட்டும் குறைத்தால் போதாது, காற்றையும் குறைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் என்ற தகடு காற்று வரும் வழியை மூடுகிறது. மூடிய வழியில் காற்றை இழுக்க இன்ஜின் மூச்சுத் திணறித் தன் சக்தியையே செலவழிக்கிறது. நாம் காரை முழு வேகத்தில் ஓட்டுவது எப்போதாவதுதான். பாதி மிதியிலும் கால் மிதியிலும்தான் ஆயுள் முழுக்க ஓட்டுகிறோம். அந்த நேரமெல்லாம் இந்த இழப்பு நடக்கிறது. டீசலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. காற்று தாராளமாக வரட்டும், தெளிக்கும் டீசலை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும். சிக்னலில் நிற்கும்போது டீசல் இன்ஜின் அவ்வளவு குறைவாகக் குடிப்பது இதனால்தான்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் டீசலுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. டீசல் அடர்த்தி கூடிய எண்ணெய். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட 12 சதவீதம் அளவுக்கு ஆற்றல் அதிகம். கிரெட்டாவின் 17.4-க்கும் 21.8-க்கும் உள்ள வித்தியாசம் 25 சதவீதம் என்றால், அதில் ஏறக்குறைய பாதி எண்ணெயின் அடர்த்தியால் வந்தது, மீதிப் பாதிதான் இன்ஜினின் திறமை. கரியமில வாயுவைக் கணக்கிடும்போதும் இதை மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்குச் சற்று மேல். நூறு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பெட்ரோல் கிரெட்டா வெளியிடுவது 13 கிலோவுக்கு மேல், டீசல் கிரெட்டா 12 கிலோ சொச்சம். ஒரு கிலோ குறைவு. பெரிய புரட்சி அல்ல, ஆனால் உண்மையான குறைவு.

பெட்ரோல் பக்கம் அண்மையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆக, பெட்ரோல் பங்கில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரிலும் ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைந்திருக்கிறது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் அதிகம் என்பதால், அதற்கென்றே அழுத்த விகிதத்தைக் கூட்டிச் செய்த இன்ஜின்கள் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். பழைய வண்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி இழுவைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். காரில் ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடுகிறது. ஒரு வளைவில் திரும்பி வெளியே வரும்போது வண்டி இரண்டாவது கியரில் இருக்கிறது, இன்ஜின் 1,500 சுற்றுக்கு இறங்கிவிட்டது. அந்த இடத்தில் டீசல் கிரெட்டா தன் 250 நியூட்டன் மீட்டரையும் தரும். குதிரைசக்தியாக மாற்றினால் 53. அதே 1,500 சுற்றில் பெட்ரோல் இன்ஜின் தன் உச்ச முறுக்குவிசை முழுவதையும் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 31 குதிரைசக்திதான் வரும். ஆகவே பெட்ரோல் கார் ஓட்டுநர் முதல் கியருக்குப் போய் இன்ஜினை அலறவிட வேண்டும். டீசல் ஓட்டுநர் காலை அழுத்தினால் போதும். விவரத்தாளில் 115-ம் 116-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் மலைப்பாதையில் அவை சமமே இல்லை.

இந்த இழுவையில் பெரும்பங்கு டர்போவுடையது. புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி அது. கிரெட்டாவின் டீசலில் டர்போ உண்டு, 115 குதிரைசக்தி பெட்ரோலில் இல்லை. ஆனால் டர்போ யாருக்குப் பொருத்தம் என்பதே ஒரு விஷயம். காற்றை அமுக்கித் தள்ளினால் பெட்ரோலில் நாக்கிங் ஆபத்து கூடும். டீசலுக்கு அது வரவேற்க வேண்டிய விருந்து. 1978-லேயே மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி என்ற காரில் டர்போ டீசல் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று டர்போ போட்ட பெட்ரோல் இன்ஜின்களும் டீசலுக்கு நிகரான இழுவையைத் தருகின்றன, மறுப்பதற்கில்லை. அவற்றுக்குப் பொதுவாக அழுத்த விகிதத்தைக் குறைத்தாக வேண்டும். முழுப் பாரத்தோடு மேடேறும்போது கூடுதல் பெட்ரோலைத் தெளித்துச் சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டியும் வரும். மிதித்து ஓட்டினால் மைலேஜ் சரிவது அதனால்தான்.

இவ்வளவு நல்ல இன்ஜினுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? எந்தக் குணங்கள் டீசலை உயர்த்தினவோ அவையேதான் அதன் குற்றங்களுக்கும் காரணம். உள்ளே தெளித்த டீசல் பற்றச் சற்றுத் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும்போது வருவதுதான் அந்த டக டக சத்தம். துளி காற்றோடு கலந்து முடிவதற்குள் எரிந்தால் துளியின் நடுப்பகுதி கரியாகிறது. அதுதான் கறுப்புப் புகை. காற்று தாராளமாக இருப்பதால் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் கடும் வெப்பத்தில் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இவை நுரையீரலுக்குக் கெடுதல். ஆக்சிஜன் மிச்சமிருக்கும் புகையில் பெட்ரோல் காரின் வினையூக்கியால் இவற்றைப் பிரிக்கவும் முடியாது. அம்பாசிடர் டீசல் காலத்தில் இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கவில்லை. நவீன டீசல் என்று நான் சொல்வது இந்த மூன்றுக்கும் பதில் கண்ட டீசலை.

சத்தத்துக்கும் கரிக்கும் பெரும்பாலான பதில் காமன் ரெயில் முறை. இத்தாலியில் ஃபியட் குழுமம் வளர்த்தெடுத்து, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உற்பத்திக்குக் கொண்டுவந்த இந்த முறை 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதன்முதலாக வந்தது. ஒரு தடித்த குழாயில் டீசல் எப்போதும் பெரும் அழுத்தத்தில் காத்திருக்கும்; ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இன்ஜெக்டர் கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் திறந்து மூடும். இன்று அந்த அழுத்தம் 2,000 பார். உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் இருக்கும் நீரழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்த இன்ஜெக்டர் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு அடங்காது. கார் 80 கிலோமீட்டர் வேகத்தில், 2,000 சுற்றில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 61 மில்லிலிட்டர் டீசல். நான்கு சிலிண்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 4,000 முறை எரிகின்றன. ஒரு முறைக்கு 15 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சிறு அளவையும் இன்ஜெக்டர் ஒரே தடவையில் விடுவதில்லை. முதலில் ஒரு துளியினும் துளி. அது மெதுவாகப் பற்றிச் சிலிண்டரைத் தயார் செய்யும். பிறகு முக்கியப் பகுதி, தேவைப்பட்டால் மிச்சக் கரியை எரிக்க இன்னொரு சிறு தெளிப்பு. முடி அளவே விட்டம் உள்ள ஓட்டைகள் வழியாக, ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் இத்தனையும் முடிந்துவிடுகிறது. முன்கூட்டி விடும் அந்தச் சிறு தெளிப்புதான் பழைய டக டக சத்தத்தைப் பெருமளவு அடக்கியது. 2006-ல் ஆடியின் ஆர் 10 கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. அந்தப் பந்தயத்தை டீசல் கார் ஒன்று வென்றது அதுவே முதல் முறை. அதைப் பார்த்தவர்கள் வேகத்துக்கு இணையாக அதன் அமைதியையும் பேசினார்கள்.

மிஞ்சிய கரிக்கு வடிகட்டி. 2000-ஆம் ஆண்டு பெஜோ 607 காரில் வந்த டி.பி.எஃப். என்னும் இந்தப் பீங்கான் வடிகட்டியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய குழல்கள் இருக்கும்; ஒன்று முன்னால் அடைத்திருந்தால் அடுத்தது பின்னால் அடைத்திருக்கும். புகை சுவரின் நுண்துளைகள் வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். 1992-ன் யூரோ 1 விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் துகள்வரை அனுமதித்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6-ல் வரம்பு 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு யூரியா. தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கரைந்த டி.இ.எஃப். திரவத்தைச் சூடான புகையில் தெளித்தால் அது அமோனியாவாகிறது. வினையூக்கியில் அந்த அமோனியா நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரிந்து, சாதாரண நைட்ரஜனும் நீராவியுமாக வெளியேறுகிறது. பாரத் ஸ்டேஜ் 4-ல் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 80-க்கு இறங்கியது. பெட்ரோல் காருக்கு அது 60.

காகிதத்தில் இருக்கும் வரம்பை நம்பலாமா என்று கேட்பது நியாயம். ஃபோக்ஸ்வாகன் செய்ததை யாரும் மறக்கக் கூடாது. சோதனைக்கூடத்தில் வண்டி ஓடுவதைக் கண்டுகொண்டு அங்கே மட்டும் சுத்தம் செய்து, சாலையில் அதைத் தளர்த்தும் மென்பொருளை உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தது அந்த நிறுவனம். 2015 செப்டம்பரில் அது வெளிப்பட வழிவகுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் செய்த சாலைச் சோதனை. அந்தச் சிறு குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். புகையை அளக்கும் கருவியைக் காரின் பின்புறத்திலேயே ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா சாலைகளில் அவர்கள் ஓட்டினார்கள். ஜெட்டா கார் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. இந்த எண்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே சோதனையில் மூன்றாவதாக ஒரு டீசல் காரும் இருந்தது. பி.எம்.டபிள்யூ எக்ஸ் 5. ஒரு மலைப்பாதைத் தடம் நீங்கலாக மற்ற இடங்களில் அது வரம்பை ஒட்டியோ அதற்குள்ளோ ஓடியது. டீசலைச் சுத்தமாக ஓட்ட முடியும், செலவழிக்க மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அந்த ஊழலை வெளிக்கொணர்ந்த சோதனையே சாட்சி. இப்போது ஐரோப்பாவில் 2017 முதலும் இந்தியாவில் 2023 ஏப்ரல் முதலும் சாலையில் ஓட்டியே அளக்கும் முறை விதியாகிவிட்டது. டீசல்மேல் அக்கறை உள்ளவர்கள் இந்த விதியை முழு மனதோடு வரவேற்க வேண்டும்.

சுத்தத்துக்கு விலை உண்டு. வடிகட்டிக்கும் யூரியா அமைப்புக்கும் சின்னக் கார் பெரிய கார் என்ற தள்ளுபடி கிடையாது. ஆகவேதான் லட்சக்கணக்கான ஸ்விஃப்ட் கார்களை ஓட்டிய 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின் நின்றுபோனது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. இன்று டீசல் பெரும்பாலும் கிரெட்டா, ஸ்கார்ப்பியோ, ஹாரியர், இன்னோவா கிரிஸ்டா போன்ற கனமான வண்டிகளில்தான் வாழ்கிறது. அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

வாங்குபவர் கணக்கு எளிது. 2024 விலையில், விவரத்தாள் மைலேஜில், பெட்ரோல் கிரெட்டாவுக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தே முக்கால் ரூபாய், டீசலுக்கு நாலேகால் ரூபாய். ஒன்றரை ரூபாய் மிச்சம். டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுப்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் போட்ட பணம் திரும்பும். வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது நான்கு வருடம். மதுரைக்கும் சென்னைக்கும் மாதம் நான்கு முறை போய்வரும் வியாபாரிக்கும், கோவையிலிருந்து மாவட்டம் மாவட்டமாகச் சுற்றும் விற்பனை அதிகாரிக்கும் டீசலைத் தயங்காமல் சொல்வேன். வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர், ஞாயிறு கோயில், அவ்வளவுதான் ஓட்டம் என்பவருக்குச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பெட்ரோலோ மின்சாரமோ போதும். இதில் பணத்தைவிடப் பெரிய காரணம் அந்த வடிகட்டி.

சேர்ந்த கரியை டி.பி.எஃப். அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு 600 டிகிரி அளவு வெப்பம் தேவை. கூடுதல் டீசலைத் தெளித்து இன்ஜின் அந்தச் சூட்டை உண்டாக்கும். அப்போது சிக்னலில் நிற்கையில் ஐடிலிங் சுற்று வழக்கத்தைவிடச் சற்று ஏறி நிற்கும், டேஷ்போர்டில் மைலேஜ் எண் திடீரென்று குறையும், வண்டியை அணைத்து இறங்கிய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். இது பழுதல்ல, வேலை பாதியில் இருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் உடனே அணைக்காமல் கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள், எரிந்து முடியும். நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது ஒருநாளும் முடியாது. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றால் எரிக்கத் தெளித்த டீசலில் ஒரு பகுதி பிஸ்டன் ஓரமாகக் கசிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் டர்போவின் பேரிங் தேயும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது அளவு குறைந்திருந்தால்தான் நாம் கவலைப்படுவோம். டி.பி.எஃப். உள்ள டீசல் காரில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலும் உடனே சர்வீஸுக்கு விட வேண்டும். டி.இ.எஃப். ஊற்றும் வாயில் நீல மூடி இருக்கும். அந்தத் திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றிவிடக் கூடாது. வயலுக்குப் போடும் யூரியாவை வீட்டில் கரைத்து டி.இ.எஃப். டேங்கில் ஊற்றவும் கூடாது. அந்த யூரியாவில் உள்ள அசுத்தங்கள் வினையூக்கியைக் கெடுத்துவிடும், அதை மாற்றும் செலவு மிச்சம் பிடித்த டீசல் காசு முழுவதையும் விழுங்கிவிடும்.